தொப்பிக்காரர் வாசித்த கெட்டிமேளம்

கசெற் சக்கரத்துக்குள் பென்சிலை விட்டுச் சுற்றத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தப் பொறுமை இல்லை, முழங்காலும் வலிக்கிறது. நமக்கு இரண்டு சொல் போதும்: நாடா சிக்கிவிட்டது. கேட்டவுடன் கை பென்சிலைத் தேடுகிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். கிட்ட வந்து இருங்கள்.

அப்போது நாங்கள் ஓக்லாந்து நகரத்தின் ஏவன்டேலில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று குசுகுசுத்தன. கொழும்பில் கலவரம் நடந்து, தெரிந்தவர்கள் எல்லாம் உலகப்படம் முழுக்கச் சிதறிக்கொண்டிருந்த காலம். அடுத்த வருடக் குளிர் தொடங்கும்போதுதான் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் கராஜுக்குக் குடிவந்தார்.

மாமா அதுவரை கப்பலில் வேலைசெய்தவர். முகம் எங்கள் ஆட்களின் முகம்; கழுத்து மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியதுபோல வெயிலில் கருகியிருந்தது. ஒரு துணிப்பையும் ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டியைக் கண்டதும் அம்மாவின் கண் விரிந்தது. சேலை இருக்கும், குறைந்தது ஒரு நல்ல படுக்கைவிரிப்பாவது இருக்கும். மாமா திறந்தார். பழைய துவாய் ஒன்று. துவாய்க்குள் மூன்று இசைத்தட்டுகள்.

"இதுக்கே இவ்வளவு பெரிய பெட்டி?" என்றார் அம்மா.

"அக்கா, இது மெக்சிக்கோச் சாமான். மசத்லான் துறைமுகத்தில கப்பல் பழுதாகிக் கிடக்கேக்க வாங்கினது. ஒரு தட்டுக்குள்ள ஒரு ஊரே ஆடும்."

பொய் சொல்லவில்லை. அவை தொகுப்புத் தட்டுகள். ஒரு பாட்டுக்கு ஒரு கோஷ்டி. அந்தந்தப் பக்கத்துக் கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் சனம் ஆடுகிற பாட்டுகளைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்திருந்தார்கள். ஸ்பானிய மொழி எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆகவே அட்டைப் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். ஒன்றில் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவரோடு ஒரு பெண் சுழன்றுகொண்டிருந்தாள். சிவப்புப் பாவாடை அட்டையில் பாதியைப் பிடித்திருந்தது. அது பாவாடை. மற்றொன்றில் லொறி முகப்பின் மேல் கோஷ்டி முழுவதும் ஏறி உட்கார்ந்திருந்தது. அது லொறி. கடைசியில் ஒரு சேவல், தனியாக, மிகுந்த கர்வத்தோடு.

அட்டையின் பின்பக்கம்தான் என் சொத்து. கோஷ்டிகளின் படங்கள் முத்திரை அளவில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. எல்லாரும் ஒரே நிறக் கோட்டு, ஒரே மீசை, ஒரே தொப்பி. மாம்பழச்சட்டைக்காரர், அண்ணன் தம்பிமார், சம்பளம் கிடைக்காதவர்கள் என்று நாங்களே பெயர் சூட்டினோம். சம்பளம் கிடைக்காதவர்கள் படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களின் பாட்டுத்தான் எல்லாவற்றிலும் திறம். அட்டைக்குள் மூக்கை விட்டால் டீசலும் ஈரத்துவாயும் கலந்த ஒரு மணம் வரும். இப்போதும் படகுத்துறைப் பக்கம் போனால் நான் வேண்டுமென்றே ஆழமாக மூச்சிழுப்பேன். மனைவி ஆஸ்துமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாமா விரி என்ற தொழிற்சாலைப் பகுதியில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கினார். வேலை முடிந்து வந்ததும், முனையில் இரும்பு வைத்த சப்பாத்தைக் கழற்றாமலே கராஜில் இருந்த பழைய ரெக்கோட் பிளேயரில் தட்டைப் போடுவார். முதலில் ஊசி கரகரக்கும். பிறகு எக்கோடியன், அந்தத் துருத்தி வாத்தியம், மூச்சு வாங்கும். சேவல் தட்டில் எக்கோடியன் குறைவு. அதில் கிளாரினெற்றும் ட்ரம்பெற்றும் பெரிய மேளமும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ராட்சதக் குழல், குழம்புச் சட்டி கொதிப்பதுபோலப் 'பூம், பூம்' என்று கிடக்கும்.

"மருமோன், இடுப்பை மறந்திடு. முழங்காலை மடக்கு. குதிக்காலால நிலத்துக்குச் சொல்லு."

"என்னத்தைச் சொல்ல மாமா?"

"நான் இஞ்சதான் நிக்கிறன் எண்டு சொல்லு."

கராஜ் நிலத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. அதுதான் எங்கள் மேடையின் நடு. சலவை இயந்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம், கறைக்குத் திரும்பி ஒரு குதி. பாட்டின் உச்சத்தில் தட்டுக்குள் இருக்கும் யாரோ ஒருவர் அடிவயிற்றிலிருந்து கத்துவார்: "ஆஆய்... யாய் யாய் யாய்ய்!" சந்தோசமா, வயிற்றுக் குத்தா என்று பிரித்தறிய முடியாத சத்தம். மாமாவும் சேர்ந்து கத்துவார். நானும் கத்துவேன். எனக்குப் பன்னிரண்டு வயது, குரல் உடையத் தொடங்கியிருந்தது. நான் கத்துவது அட்டையில் இருந்த சேவலுக்கே பொருந்தும்.

வீட்டுக்குள் அப்பா சிற்றலை வானொலியில் காதை வைத்தபடி இருப்பார். ஊர்ச் செய்தி இரைச்சலுக்குள் வந்து வந்து போகும். ஒரு நாள் கராஜ் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"அங்க சனம் பிள்ளை குட்டியளோட ஓடித் திரியுது. நீர் இஞ்ச கொம்பு ஊதுறீரோ?"

மாமா ஊசியைத் தூக்கினார். "சரி அத்தான்."

அப்பாவில் பிழை சொல்ல மாட்டேன். அந்த இரைச்சலுக்குள் அவர் தன் தம்பியின் ஊர்ப் பெயர் வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். அதை அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு இசை பிடிக்காது என்பதுதான்.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. கொழும்பில் வீட்டை இழந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை. மாமா படத்தைப் பார்த்தார், அவ மாமாவின் படத்தைப் பார்த்தா, அவ்வளவுதான். வந்திறங்கி, எங்களுக்குக் கிட்டவாக இருந்த சான்ட்ரிங்ஹாமில் ஒரு அன்ரியின் வீட்டில் தங்கினா. அதிகம் கதைக்கவில்லை. கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ஹீற்றருக்கு முன்னால், பஸ் தவறவிட்டவர்போல இருந்தா. லண்டனில் இருந்த அவவின் தமையன் தொலைபேசியில் சொன்னதை அன்ரி கேட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னா: "பிடிக்காட்டி ஒரு சொல்லுச் சொல்லு, லண்டனுக்கு ரிக்கற் அனுப்புறன் எண்டவராம். பிள்ளை ஓம் எண்டும் சொல்லேல்லையாம், இல்லை எண்டும் சொல்லேல்லையாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாரும் முட்டையைக் கையில் வைத்திருப்பவர்கள்போல நடந்தார்கள். அம்மா ஒரே கட்டளை போட்டார்: "அந்தப் பிள்ளைக்கு ஊரில நடக்கிற கலியாணம் மாதிரியே இருக்கவேணும். ஒரு குறை தெரியப்படாது."

மாமா கராஜில் எனக்கு மட்டும் சொன்னார்: "அவ போனா நானும் போயிடுவன் மருமோன். திரும்பக் கப்பல்தான்."

 அவ ரிக்கற் கேட்டால் என் மாமா கடலுக்குப் போய்விடுவார். என் கணக்கு அவ்வளவு எளிமையானது.

இனி மேளம். ஊரில் கெட்டிமேளம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தாலி ஏறும் நேரத்தில் தும்மல், இருமல், அழுகை, அபசகுனமான சொல் எதுவும் காதில் விழக்கூடாது. எல்லாவற்றையும் மேளம் அமுக்கிவிடவேண்டும். ஆனால் அந்நாளில் ஓக்லாந்தில் நாதஸ்வரக்காரருக்கு எங்கே போவது? எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கசெற் இருந்தது. ஒன்றே ஒன்று. அதன் காவல்தெய்வம் சான்ட்ரிங்ஹாம் அன்ரி. பட்டுச் சட்டைத்துண்டில் சுற்றிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தா. கலியாணமோ சாமத்தியச் சடங்கோ வந்தால், ஊரில் மேளக்காரருக்குச் செய்வதுபோல வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு போய் அந்தக் கசெற்றை அழைத்துவர வேண்டும்.

யாருடைய கலியாணத்திலோ யாழ்ப்பாணத்தில் பதிந்தது அது. கெட்டிமேளத்துக்குச் சற்று முன் ஒரு காகம் கரையும். ஒரு குழந்தை வீரிட்டு அழும். ஒரு மனிதர் "பிள்ளையை வெளியால கொண்டு போங்கோவன்" என்பார். ஆகவே ஓக்லாந்தில் நடந்த அத்தனை தமிழ்க் கலியாணத்திலும் அதே குழந்தை அழுதது, அதே மனிதர் ஏசினார். அந்த அழுகை கேட்டவுடன் பெரியவர்கள் அட்சதையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழந்தைக்கே இப்போது கலியாண வயதில் பிள்ளை இருக்கும். எங்கே இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ.

மேளக்காரராக என்னை நியமித்தார்கள். கசெற் விவகாரத்தில் எனக்கு இருந்த ஞானத்தை அப்பாவே சபையில் சிபாரிசு செய்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.  எங்கே நிறுத்தவேண்டும், எங்கே பொத்தானை அமர்த்தவேண்டும் என்று கனவிலும் ஒத்திகை பார்த்தேன். பாடசாலையில் ரீச்சர் பெயர் கூப்பிட்டபோது கட்டைவிரலால் மேசையை அமர்த்தினேனாம்.

கலியாணத்தன்று காலை மாமா வேட்டியோடு என்னைக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கையில் ஒரு கசெற். மூன்று தட்டுகளிலும் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கித் தானே பதிந்தது. தொகுப்பிலிருந்து இன்னொரு தொகுப்பு. மேலே பேனையால் ஒரு தொப்பி கீறியிருந்தார்.

"பந்தி முடிஞ்சு பெரியாக்கள் வெளிக்கிட்ட பிறகு போடு. கொத்தானுக்குத் தெரியப்படாது."

கொத்தான் என்பது என் அப்பா என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மாமா பதற்றத்தில், உன் அப்பா என்று பொருள்படும் 'கொப்பா'வையும் தான் அழைக்கும் 'அத்தான்' என்பதையும் சேர்த்துப் பிசைந்துவிட்டார்.  புயலில் கப்பல் தளத்தில் நின்ற மனிதர். நான் கசெற்றைச் சட்டைப்பையில் போட்டேன்.

மண்டபம் ஒரு பழைய சமூகக்கூடம். மூலையில் மடித்த மேசைப்பந்து மேசைகள், சுவரில் மகாராணியின் படம், அதற்குக் கீழே நிறைகுடம். ஐயராக இருந்தவர் வாரநாட்களில் கணக்காளர். தகப்பன் கோயில் குருக்கள் என்பதால் மந்திரம் தெரியும். மண்டபக் காவலாளி, ஒரு வெள்ளைக்காரக் கிழவர், திறப்புக் கொத்தோடு வாசலில் நின்று ஓமப்புகையை மிகுந்த சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வரப்போகும் மாமி கூறைச்சேலையில் தலையைக் குனிந்து இருந்தா. முகமே தெரியவில்லை.

எல்லாம் சரியாகப் போனது. காகம் கரைந்தது. குழந்தை அழுதது. மனிதர் ஏசினார். மாமா எழுந்து தாலியைக் கையில் எடுத்தார். கணக்காளர் ஐயர் கையைத் தூக்கினார்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேளம் தொடங்கியது. தொடங்கி, நாதஸ்வரம் மெல்ல மெல்ல எருமைபோல இழுத்து, "ஊஊஊ" என்று முனகி, நின்றது.

மூடியைத் திறந்தேன். மண்ணிற நாடா இடியப்பம்போலப் பிதுங்கிக்கொண்டு வந்தது. இத்தனை கலியாணத்துக்கு உழைத்த கசெற், எங்கள் மாமாவின் கலியாணத்தில் உயிரை விட்டது. மண்டபம் நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் யாரும் தும்மலாம். யாரும் அழலாம். அந்தப் பிள்ளை நிமிர்ந்து, எனக்கு ரிக்கற் வேணும் என்று சொல்லலாம். பன்னிரண்டு வயது மூளைக்கு எட்டக்கூடிய அத்தனை அழிவும் ஒரு வரிசையில் வந்து நின்றது, கடைசியில் ஒரு கப்பலோடு.

"டேய்! மேளம்!" என்றார் அப்பா.

என் கை என்னைக் கேட்கவில்லை. சட்டைப்பைக்குள் போனது, தொப்பியை எடுத்தது, உள்ளே தள்ளியது, அமர்த்தியது.

கடவுள் இருக்கிறார் என்று நான் ஒரு சில வினாடிகள் முழுமையாக நம்பினேன். ஏனென்றால் வந்தது சேவல் தட்டுப் பாட்டு. சம்பளம் கிடைக்காதவர்கள். பெரிய மேளம் தடதடவென்று உருண்டது, கிளாரினெற்றுகள் ஒன்றாகச் சேர்ந்து உச்சத்தில் பிளிறின. அச்சொட்டாக ஊர் மேளக்கச்சேரி! அட்சதை பறந்தது. அன்ரி கைகூப்பினா. மாமா முதல் முடிச்சைப் போட்டார்.

அப்போது அந்த ராட்சதக் குழல் இறங்கியது. பூம். பூம். பூம்.

தலைகள் திரும்பின. எனக்கு இரண்டு வழி இருந்தது. நிறுத்தினால் அபசகுனம், முடிச்சு முடியுமுன் மேளம் நிற்கக்கூடாது. விட்டால் அப்பா. நான் ஒரு வழியையும் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் ரேப்றெக்கோடரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தேவாரம் சொன்னேன். எந்தத் தேவாரம் என்று நினைவில்லை. சாப்பாட்டுக்கு முன் சொல்வதாகத்தான் இருக்கும்.

மாமாவுக்கு மூன்றாம் முடிச்சு அகப்படவில்லை. அம்மா பின்னாலிருந்து "இழு, இழு" என்றார். அந்த நேரம் பார்த்துத் தட்டுக்குள் கத்துகிறவர் வந்தார்.

"ஆஆய்... யாய் யாய் யாய்ய்!"

மகாராணியைத் தவிர எல்லாரும் அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சியில் மூன்றாம் முடிச்சும் விழுந்துவிட்டது. வாசலில் காவலாளி மட்டும் திறப்புக் கொத்தைத் தொடையில் தட்டித் தாளம் போட்டார். மணவறையில் குனிந்த தலை இன்னும் குனிந்தது. சேலைக்குள் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"ஐயோ, பிள்ளை அழுகுது," என்றா அன்ரி. மேளம் அமுக்கியிருக்க வேண்டிய அந்த வார்த்தை, பாட்டு முடிந்த இடைவெளியில் விழுந்து மண்டபம் முழுவதும் கேட்டது.

பிறகு நான் பட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். தொலைபேசி அடித்தால் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வேன், லண்டனாக இருக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மாமாவின் சப்பாத்து வாசலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். "அது நிக்காது, போயிடும்," என்று பெரியவர்கள் அடுக்களையில் கதைத்தார்கள். மாமி போகவில்லை. ஆனால் எங்கள் முன் சிரிக்கவும் இல்லை.

இருவரும் சான்ட்ரிங்ஹாமில் சின்ன அறையொன்றுக்குப் போனார்கள். தட்டுப் போட அங்கே ரெக்கோட் பிளேயர் இல்லாததால் மூன்றும், அப்பா என்னிடம் பறித்த தொப்பிக் கசெற்றும், மரப்பெட்டிக்குள் எங்கள் கராஜிலேயே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏவன்டேல் சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் மாமாவும் மாமியும் சாப்பிட வந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"உம்மட பெட்டியைச் சந்தையில பழைய தட்டு விக்கிறவனிட்டக் குடுத்திட்டன். அந்தப் பிள்ளைக்கு மனசு நொந்த சாமான் இனி இந்த வீட்டில வேண்டாம்."

மாமா சோற்றை ஒருபக்கம் ஒதுக்கினார். "சரி அத்தான்." பிறகு எழுந்து கராஜுக்குப் போனார். மாமி வாயைத் திறந்தா. நான் பார்த்தேன். திறந்து, மூடினா. புதுப் பெண் அந்நாளில் அதற்கு மேல் திறக்க முடியாது. நான் கராஜை எட்டிப் பார்த்தபோது மாமா எண்ணெய்க் கறையின் மேல் நின்றார். ஆடவில்லை. நின்றார்.

அப்பா நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் வயதானவர்களிடம் எனக்குப் பயம். இப்போது எனக்கே அந்த வயது.

அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தையில் தட்டுப் பெட்டிகளைக் கிண்டியிருக்கிறேன். பாவாடையும் இல்லை, லொறியும் இல்லை, சேவலும் இல்லை. கைப்பேசியில் தேடினேன். பாட்டுகள் கிடைக்கின்றன, தனித்தனியாக. சம்பளம் கிடைக்காதவர்களைக்கூடக் கண்டுபிடித்தேன், நன்றாகச் சம்பாதித்திருக்கிறார்கள். ஆனால் பாட்டு முடிந்ததும் ஒரு கரகரப்பு வரவேண்டும், பிறகு மாம்பழச்சட்டைக்காரரின் எக்கோடியன் மூச்சு வாங்கவேண்டும். காதுக்குத் தெரியும். அது காத்திருக்கிறது. கைப்பேசி வேறெதையோ போடுகிறது. யாரோ பொறுக்கி அடுக்கிய அந்த வரிசைதான் என் மாமாவின் கராஜ். அந்த வரிசையை எங்கே தேடுவது?

மாமா இரண்டு குளிர்காலத்துக்கு முன் காலமானார். நிலத்தில்தான். கப்பலுக்குத் திரும்பவே இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் போனபிறகு, மாமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, திடீரென்று கேட்டா:

"தம்பி, அந்தக் கத்துற பாட்டு உங்களிட்ட இருக்கோ?"

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். "மாமி, அண்டைக்கு உங்களை அழப் பண்ணினதுக்கு..."

"ஆர் அழுதது?" என்றா. "நான் குனிஞ்சுகொண்டு, சொல்லுவமோ விடுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். ரிக்கற் விசயம். குனிஞ்சிருந்தா வேற என்னத்தைப் பாக்கிறது? உங்கட மாமான்ர கால்தான் தெரிஞ்சுது. மேல கை நடுங்குது. கீழ பெருவிரல் பூம் பூம் எண்டு ஆடுது. அவருக்கே தெரியாது. அதுக்குள்ள அந்த மனுசன் கத்தினான் பாருங்கோ... சிரிப்பை அடக்க ஏலாமல் தோள் நோவெடுத்துப் போச்சு."

"அப்ப லண்டனுக்குப் போன் எடுக்கேல்லையோ?"

"எடுத்தனான். அனுப்ப வேண்டாம் எண்டு சொல்ல." கோப்பையை வைத்தா. "கொப்பா பெட்டியைக் குடுத்திட்டன் எண்ட அண்டைக்கு எனக்குச் சொல்லு வாய் மட்டும் வந்தது. நான் அதைப் போடச் சொல்லிக் கேக்கத்தான் வந்தனான்."

போன மாதம் என் மகளுக்குக் கலியாணம். உயிருள்ள நாதஸ்வரம், உயிருள்ள தவில், விமானத்தில் வந்தவர்கள். "டாட், ரிலாக்ஸ்," என்றாள் மகள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. எப்படி ரிலாக்ஸ் ஆவது? கட்டைவிரல் தன்பாட்டில் வேட்டிக்கரையை அமர்த்திக்கொண்டிருந்தது.

தாலிக்கு ஆயத்தமானபோது மாமியைத் தேடினேன். கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம் நின்றா. "நான் முன்னுக்கு வரப்படாது தம்பி. தெரியும்தானே." தெரியும். அந்த வழக்கத்தோடு சண்டைபிடிக்க அன்று நேரம் இல்லை. தாலி எடுத்துக்கொடுத்து ஆசீர்வதித்த கையோடு, மனைவி முறைக்க முறைக்க, பின்னால் ஓடிப்போய் மாமிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஐயர் கையைத் தூக்கினார். தவில் வெடித்தது. சுவரே அதிர்ந்தது. நான் கீழே பார்த்தேன். மாமி செருப்பைக் கழற்றியிருந்தா. வெறுங்காலில் பெருவிரல் எழுந்து எழுந்து விழுந்தது. தவிலின் தாளத்துக்கு அல்ல. பூம். பூம். பூம்.

அந்த இடம் வந்தது. எங்கள் இருவருக்கும் தெரிந்த இடம்.

மாமி தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினா. ஒரு சனத்துக்கும் கேட்கவில்லை. கெட்டிமேளம் அதற்காகத்தானே இருக்கிறது.